பேத்தியின் கேள்விக்கு

மட்டக்களப்பு

அன்புள்ள மகனுக்கு,

பேத்தி பள்ளிக்கூடத்துக்காக வம்சாவளி வரைகிறாள் என்று எழுதியிருந்தாய். நம் குடும்பப் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இது ஒல்லாந்துப் பெயர்தானே, அப்பப்பா ஏன் நம்மைப் போர்த்துக்கேயப் பறங்கியர் என்கிறார்?" என்று கேட்டாளாம். அவள் அதைக் கவனித்ததே எனக்குச் சந்தோஷம். ஃபோனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. நீ வாசித்து அவளுக்குச் சொல்.

பறங்கியர் என்றால் ஐரோப்பியரும் இந்த நாட்டுச் சனமும் கலந்து வந்த நம் ஆட்கள். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 இல். நம்முடைய மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628 இல். பத்தே வருடம்தான், 1638 இல் கண்டி அரசன் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையும் போனது. ஆட்சி அத்தோடு முடிந்தது, ஆட்கள் முடிந்துவிடவில்லை. கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலானோர் தனி ஆண்கள். இங்கேயே பெண்ணெடுத்துப் பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். அப்படிப்பட்டவனுக்குப் போர்த்துக்கல்லில் என்ன மிச்சம் இருந்திருக்கும்? பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

பிறகு வந்த ஒல்லாந்து வணிகக் கம்பனிக்காரர்களும் அநேகமாகத் தனி ஆண்கள்தான். அவர்கள் கட்டியது இந்தக் கலப்புக் குடும்பத்துப் பெண்களை. அந்தப் பெண்கள் வீட்டில் பேசியது போர்த்துக்கேயம். பிள்ளைக்குப் பேர் தகப்பனிடமிருந்து வந்தது. தாலாட்டு, செபம், ஏச்சு எல்லாம் தாயிடமிருந்து வந்தன. வெளியே ஒல்லாந்தர் ஆட்சி நடந்த காலத்திலேயே அவர்களுடைய வீட்டுக்குள் போர்த்துக்கேயம் நடந்தது. இன்று மட்டக்களப்பில் அந்தப் பாஷை பேசுகிற குடும்பங்களில் எத்தனை பேருக்கு ஒல்லாந்துப் பேர் இருக்கிறது என்று பார். பேத்திக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: நம்மைப் போர்த்துக்கேயராக வைத்திருந்தவர்கள் நம் பாட்டிமார்.

கத்தோலிக்க வேதத்தையும் அவர்கள்தான் காப்பாற்றினார்கள் என்பது என் எண்ணம். கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் நாட்டுக்குள் விடவில்லை. 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும் வரை சனங்கள் வருடக்கணக்காகக் குருவே இல்லாமல் இருந்தார்கள். வீட்டுக்குள் செபத்தைச் சொல்லிக்கொடுக்க யார் இருந்திருப்பார்கள்? 2015 இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது எனக்கு அந்தத் தாய்மார்தான் ஞாபகம் வந்தார்கள்.

உன் அப்பம்மாவை நினைத்துப் பார். மீன்காரியோடு தமிழில் விலை பேசுவார், அப்படியே எங்கள் பக்கம் திரும்பி, "இது நேற்றைய மீன்" என்று போர்த்துக்கேயத்தில் சொல்வார். செபமாலை தமிழில். கோபம் வந்தால் தமிழ் ஒரு சொல்லும் வராது. லிஸ்பன் பல்கலைக்கழகத்திலிருந்து நம் பாஷையைப் பதிவுசெய்ய ஆட்கள் வந்த காலத்தில் அவர் உயிரோடு இருந்திருந்தால் விடிய விடியப் பேசியிருப்பார். சொற்கள் போர்த்துக்கேயம், வசனம் கட்டுகிற விதம் நம் தமிழ் மாதிரி வினை கடைசியில் வரும். அந்தப் பாஷைக்குள்ளும் இந்த ஊர்ப் பெண்தான் இருக்கிறாள்.

உன் அப்பப்பா பட்டறையில் இரும்படித்தார். நம் ஆட்களுக்குக் கொல்லு, தச்சு, தையல், சப்பாத்துத் தைப்பது என்று கைத்தொழில்தான் சோறு போட்டது. அதைப் பேத்தி வெட்கப்படாமல் எழுதட்டும்.

கலியாண வீட்டுக் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் சொல். வயலினும் றபான் மேளமும் தொடங்கினால் கிழவிகள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த ஆட்டத்தின் பேரிலேயே, காப்பிரிகள் என்று சொல்லப்பட்ட, போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிட்டு நம் கதையைச் சொல்ல முடியாது.

2004 சுனாமியைப் பற்றி அவளுக்கு எவ்வளவு சொல்வது என்று நீயே பார்த்துக்கொள். நம் கடற்கரைக் குடியிருப்பான டச் பாரில் அந்தக் காலையில் நம் சனம் எத்தனை பேர் போனார்கள், உனக்குத் தெரியும். பாஷையை நன்றாகப் பேசிய வயதானவர்களும், அதைக் கற்றுக்கொண்டிருந்த குழந்தைகளும் ஒன்றாகப் போனார்கள். தப்பியவர்களில் பலர் திராய்மடுவில் புது வீடுகளுக்குப் போனார்கள். கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தபோது நடந்த பேச்சு, அப்படிச் சிதறிய பிறகு குறைந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, வம்சாவளிக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளில் தகப்பன்வழி மட்டும்தான் நீளமாக இருக்கிறது என்று அனுப்பிய படத்தில் பார்த்தேன். தாய்வழிக்கும் அதே அளவு இடம் விட்டு வரையச் சொல். எனக்குத் தெரிந்த வரைக்கும் பாட்டிமாரின் பேர்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மிச்சத்தைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவில் பார்த்து அனுப்புகிறேன். அதற்கும் மேலே, முதன்முதலில் ஒரு போர்த்துக்கேயனைக் கட்டிய அந்த ஊர்ப் பெண்ணின் பேர் நம் கையில் இல்லை. அவளுக்கும் ஒரு கட்டம் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமி இங்கே வருவா. அந்த நேரம் ஃபோன் எடு. பேத்திக்கு நம் பாஷையில் எண்ணுவதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று துடித்துக்கொண்டிருக்கிறா.

அன்புடன்,
அப்பா