படகுத்துறையிலும் பேசுங்கள்: பங்குனி ஆமைகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை, மீன்வளத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் தெற்கே செங்கல்பட்டு மாவட்டக் கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இறந்து ஒதுங்கின. உடற்கூறாய்வுகள் மூச்சுத்திணறலையே காரணமாகச் சுட்டின. அதன்பின் ரோந்து கூடியது. கரையோரத்தில் வலை இழுத்த விசைப்படகுகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் விசாரித்தது. இவை அனைத்தும் தேவையானவை. ஆனால் கடலில் வலை இழுப்பவர்களோடு உட்கார்ந்து, ஆமையைப் பற்றி நிதானமாகப் பேசும் வேலை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கும் விழிப்புணர்வு முகாம்களைத் தாண்டவில்லை. அந்தப் பேச்சை இரு துறைகளும் சேர்ந்து முறையாகத் தொடங்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பேசுவதால் என்ன ஆகிவிடும் என்று எவரேனும் கேட்டால், அதற்குச் சென்னைக் கடற்கரையே பதில் சொல்லும். 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னர் நாட்டின் கடற்கரைகளைப் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றி, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று பதிவு செய்தவர். 1988 முதல் அந்த நடையை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்ந்து வருகிறது. நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகரில் முடியும் அந்த நடையில் தன்னார்வலனாகச் செல்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: முட்டையிடும் ஆமையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை.

அது மணலைத் தோண்டும் விதமே அப்படிப்பட்டது. பின்துடுப்புகளில் ஒன்றை உள்ளே விட்டு, அதன் நுனியைக் கிண்ணம் போல் மடித்து, மணலை அள்ளி மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கும். உடனே அடுத்த துடுப்பு இறங்கும். குழியைக் கண்ணால் பாராமலே, கழுத்துக் குறுகி அடி அகன்ற பானையின் வடிவில் அது தோண்டி முடித்துவிடும். நூறு முட்டைகளுக்கு மேல் இட்ட பிறகு மணலை மூடி, தன் உடலைப் பக்கத்துக்குப் பக்கம் தூக்கிப் போட்டுத் தட்டி இறுக்கும்போது எழும் தொம் தொம் என்ற ஓசை சில அடி தள்ளி நிற்பவருக்கும் கேட்கும். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் அந்த நேரத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் நகரவாசிகளோடு மட்டுமே நடக்கிறது. நடைக்கு வருகிறவர் ஏற்கெனவே ஆமையிடம் அன்பு கொண்டவர், அல்லது ஓர் இரவில் அன்பு கொண்டுவிடக் கூடியவர். அவரால் ஆமைக்கு ஆபத்தும் இல்லை. கடலுக்குள் அதைக் காப்பாற்ற அவரால் முடிவதும் இல்லை. சேகரித்த முட்டைகளைப் பொரிக்க வைக்கும் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் கூடும் கூட்டத்தைப் பார்க்கும்போது மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எனக்கு வருகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்டும் என்பார்கள். அதற்கும் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அப்படித் தப்பிப் பிழைத்து வந்த தாய் ஆமைகள் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினால், எத்தனை கூடை குஞ்சுகளை விட்டாலும் அந்த இழப்பு ஈடாகாது. ஆகவே தாய் ஆமை சாகும் இடத்தில் இருப்பவரோடுதான் முதலில் பேச வேண்டும்.

அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறார். அவரோடு பேசும்போது கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்து, ‘ஆமையைக் காப்போம்’ என்று உறுதிமொழி எடுக்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது பேச்சாகாது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் என்பதும், சில மணி நேரம் இழுபடும் வலையின் மடிக்குள் அது சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும் என்பதும் அவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில், எந்தப் பருவத்தில் ஆமைகள் கூட்டமாக மிதக்கின்றன என்பதை எந்த ஆய்வாளரைவிடவும் அவரே நன்கு அறிவார். அதைக் கேட்டு எழுதிக்கொள்வதே முதல் கூட்டத்தின் வேலையாக இருக்கட்டும். விசைப்படகுகள் ஐந்து கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும் என்ற விதி இருந்தும் ஏன் உள்ளே வருகிறார்கள் என்பதையும் அவர் வாயாலேயே கேளுங்கள். டீசல் செலவைப் பற்றிச் சொல்வார். கரையோரத்தில்தான் மீன் கிடைக்கிறது என்பார். பாடு, அதாவது பிடிபடும் மீன், குறைந்தால் பங்கும் குறையும் என்பார். இவற்றுக்கு விடை காணாத எந்தத் தடையும் ரோந்துப் படகு கண்ணில் படும்வரைதான் நிற்கும். கூட்டத்துக்கு உரிமையாளர் சங்கத்தினரை மட்டும் அழைத்தால் போதாது. படகை ஓட்டும் டிரைவரும் மடியை இழுக்கும் தொழிலாளியும் வர வேண்டும். கடலில் முடிவெடுப்பவர்கள் அவர்களே.

இன்னொரு தரப்பையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது, கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகினருக்கும் நடந்த கடும் மோதல்களுக்குப் பிறகு. கரையோரக் கடலைச் சிறு தொழில் மீனவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. ஆமைகள் இனப்பெருக்கத்துக்காகக் கூடுவதும் அதே கரையோரக் கடலில்தான். அந்த எல்லையை மதிக்கச் செய்தால் ஆமையும் பிழைக்கும், நாட்டுப்படகுக்காரரின் வலையும் அறுபடாது. இவ்வளவு இயல்பான கூட்டாளிகளை வைத்துக்கொண்டு ஆமைப் பாதுகாப்பை மீனவர்களுக்கு எதிரான ஒன்றாகத் தோன்றவிட்டிருப்பது எனக்குப் பெரும் வருத்தம். ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலமும் இங்கே கைகொடுப்பதில்லை. ஏப்ரல் 15இல் அது தொடங்கும்போது ஆமைகளின் பருவம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

வலையின் குறுக்கே கம்பிச் சட்டம் பொருத்தி, இறால் உள்ளே செல்லவும் ஆமை மேல்வழியாக வெளியேறவும் வகை செய்யும் ஆமை விலக்குக் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ப வடிவமைத்திருக்கிறது. மீனும் சேர்ந்து தப்பிவிடுகிறது என்பதே அதைப் பற்றிய மீனவர்களின் குறை. அந்தக் குறையைப் புள்ளிவிவரத்தால் மறுக்க வேண்டாம். விருப்பமுள்ள சில படகுகளைத் தேர்ந்து, கருவியோடும் கருவியின்றியும் அவர்களையே இழுத்துப் பார்க்கச் செய்து, இழப்பு இருந்தால் அரசு ஈடுகட்டட்டும். இத்தகைய கருவி இல்லாத காரணத்தால் இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை என்ற செய்தியும் துறைமுகத்தில் விரிவாகப் பேசப்பட வேண்டியது. அது விலையைத் தொடுகிற செய்தி.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் தன் வலையில் கிடந்தால், வழக்கு வருமோ என்று அஞ்சுபவர் அதைச் சத்தமின்றித் தூக்கி எறிந்துவிடுவார். வலையிலிருந்து அசைவின்றி வரும் ஆமைகள் எல்லாம் செத்தவை அல்ல. வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பகுதியைச் சற்று உயர்த்தி வைத்து, நிழலில், ஈரத்துணி போர்த்திச் சில மணி நேரம் விட்டால் தெளிந்துவிடக் கூடியவை அவற்றில் உண்டு. மயக்கத்திலேயே கடலில் போட்டால் அவை மூழ்கிப்போகும். இதைப் படகிலேயே செய்து காட்டுங்கள். ஆமை சிக்கியதைத் தாமாகத் தெரிவிப்பவர் மீது அதற்காக வழக்கு வராது என்று எழுத்து வடிவில் உறுதி கொடுங்கள். எங்கே, எத்தனை சிக்கின என்ற உண்மையான கணக்கு அப்போதுதான் உங்கள் கைக்கு வரும்.

ஆமைக் குஞ்சுகளைத் திசைதிருப்பும் கரையோர விளக்குகளைப் பற்றிய பேச்சு மாநகராட்சியோடும் குடியிருப்போர் சங்கங்களோடும் ஏற்கெனவே நடக்கிறது, அது தொடரட்டும்.

ஆமைகள் தை மாதத்தில் வரத் தொடங்கிவிடும். ஆகவே முதல் கூட்டத்தைக் கார்த்திகை முடிவதற்குள், படகுகள் கரையில் நிற்கும் ஒரு நாளில், அலுவலக அரங்கில் அல்லாமல் துறைமுக ஏலக்கூடத்திலேயே நடத்துமாறு வேண்டுகிறேன். இரு துறைகளிலிருந்தும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவராவது அதில் அமர்ந்திருக்க வேண்டும். அங்கே எழும் கேள்விகளுக்கு எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்பதையும் அன்றே அறிவித்துவிடுங்கள். நாற்காலி போடுவது முதல் குறிப்பெடுப்பது வரை எந்த வேலைக்கும் நடையில் வரும் தன்னார்வலர்கள் சிலரை அழைத்து வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆமை நடைத் தன்னார்வலன் ஒருவன்,
சென்னை