பிறந்த குழந்தையின் கை அசையாவிட்டால்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடியாத்தம் பக்கத்தில் பச்சைக் குழந்தை ஒரு கையைத் தூக்காமல் கிடந்தால், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிற பெரியவர்கள் இன்னும் நிறைய. பிரசவத்தில் தோள் சிக்கும்போது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டு வருவது இது. சில குழந்தைகளுக்குக் கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் காறை எலும்புதான் முறிந்திருக்கும், அது சில வாரங்களில் தானாகக் கூடிவிடும். நரம்புக் காயத்திலும் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள், சரி. மீதிப் பேர்?

மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்காத குழந்தைக்கு நரம்பு அறுவை சிகிச்சை தேவையா என்று நிபுணர் பார்த்தாக வேண்டும், தள்ளிப்போடப்போட பலன் குறையும். கை உள்பக்கமே திரும்பிக் கிடந்தால் ஒரு வயதுக்குள்ளேயே தோள்மூட்டு பின்பக்கம் நழுவலாம். அந்த வயதில் மூட்டு பெரும்பாலும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். பிந்தினால் தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்துவது, அப்புறம் மேற்கை எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது என்று வேலை பெரிதாகிவிடும்.

1940களிலேயே தொழுநோயாளிகளின் விரல்களுக்கு டாக்டர் பால் பிராண்ட் தசைநாண் மாற்றிய ஊர் வேலூர். இங்கே சிஎம்சி மருத்துவமனையில் குழந்தைகள் எலும்பு மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இருந்தும் பக்கத்துக் கிராமத்துக் குழந்தை தாமதமாகப் போவதுதான் எரிச்சல்.

14வது வாரத் தடுப்பூசி போடும் நர்ஸ் அம்மா, இரண்டு முழங்கையும் மடங்குகிறதா என்று பார்த்து அட்டையில் எழுதட்டும். ஒரு நிமிட வேலை, செலவும் இல்லை. மாவட்ட சுகாதாரத் துறை இதற்கு உத்தரவு போட வேண்டும்.

ஒரு வாசகர்,
குடியாத்தம்