அந்தக் கேசட்டுகளைத் தூரப் போட்டுராதே

தென்காசி

அன்புச் சேக்காளிக்கு,

கொடை வில்லுப்பாட்டுக் கேசட்டுகளைப் பற்றி எழுதியிருந்தாய். குடத்தடியில் புலவர் குரல் முங்கிப் போச்சு, உறுமல் வேற, இனி எதுக்கு என்கிறாய். இங்கிலாந்துப் பாட்டுக்குழு பீட்டில்ஸின் 'நௌ அண்ட் தென்' பாட்டு எப்படி வெளிவந்தது என்பதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

அந்தக் குழுவின் ஜான் லெனன் 1977 வாக்கில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்தபடியே பாடி, சாதாரணக் கேசட்டில் பதிந்து வைத்த பாட்டு அது. 1980-ல் அவரைக் கொன்றுவிட்டார்கள். 1994-ல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்த நாடாவைக் குழுவின் பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மறுவருஷம் பால், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்று குழுவில் மிச்ச மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். லெனன் விட்டுப்போன வேறு இரண்டு பாட்டு தேறி வெளிவந்தது, இது மட்டும் தேறவில்லை. கரண்டு உறுமல் ஒரு பக்கம். அதைவிட, குரலும் பியானோவும் ஒரே தடத்தில் ஒட்டிக் கிடந்தன. குரலைக் கூட்டினால் பியானோவும் கூடவே ஏறியது. விட்டுவிட்டார்கள். 2001-ல் ஜார்ஜ் ஹாரிசனும் போய்விட்டார்.

நாடா இருந்தது. 1995-ல் ஜார்ஜ் வாசித்த கிதாரும் இருந்தது. சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழு பீட்டில்ஸ் பற்றிய தங்கள் ஆவணப்படத்துக்காகச் செய்த மென்பொருள், குரல் எது கருவி எது என்று பழகி, லெனன் குரலைத் தனியே உரித்தெடுத்தது. பாலும் ரிங்கோவும் புதிதாக வாசித்துச் சேர்க்க, 2023 நவம்பர் 2-ல் பாட்டு வந்தது. ஆக 28 வருஷம். தேறாததை அழிக்காமல் வைத்திருந்தார்களே, அதைத்தான் நான் பெரிய காரியம் என்பேன். ஒரே மைக்கில் பியானோவும் குரலும், ஒரே மைக்கில் குடமும் புலவரும்: உன் கேசட்டுக்கும் அதே சீக்குதான்.

சாரல் காலத்தில் கேசட்டை வெளியே எடுக்காதே. சுருளின் விளிம்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும், தனியே கட்டி வை. மற்றதில் பின்பக்கம் உள்ள சின்ன பிளாஸ்டிக் காது இரண்டையும் ஒடித்துவிடு, ரிக்கார்டு பட்டன் அமுங்கினாலும் பாட்டு அழியாது. டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் வந்து தொடும் இடத்தில், மெல்லிய தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சு இருக்கும். பசை காய்ந்து அது விழுந்தால் சத்தம் மங்கி மங்கி வரும். நாடா போச்சு என்று நினைக்காதே. திருகாணி போட்ட கூடென்றால் திறந்து, வேண்டாத கேசட்டின் பஞ்சை மாற்று. பிறகு ஒருதரம் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்று.

ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடை, ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். ஹெட்டை ஒட்டி ஸ்பிரிங் வைத்த திருகாணி ஒன்று உண்டு. பதிந்த டெக்கில் ஹெட் நின்ற சாய்மானமும் உன் டெக்கில் நிற்பதும் ஒன்றாக இராது. மயிரிழை மாறினாலும் மேல்சத்தம் செத்துவிடும். வில்லில் கட்டிய மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகு. மணி பளிச்சென்று எடுக்கும் இடத்தில் நிறுத்து. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்யணும். இங்கே விட்டதைக் கம்ப்யூட்டரில் ட்ரெபிள் கூட்டிப் பிடிக்க முடியாது, இரைச்சல்தான் ஏறும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைலாக வை. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி பிடிக்கும், பிடிக்கட்டும். எம்பி3 வேண்டாம், காதுக்குத் தெரியாது என்று அது கழித்துப்போடும் நுணுக்கம், பிரிக்கிற மென்பொருளுக்கு வேண்டியிருக்கும். சத்தத்தின் உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது.

நம்மூர்க் கரண்டு உறுமல் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்காக 100, 150. ஆம்பளைக் குரலின் அடிச்சத்தமும் அந்த வட்டாரத்தில்தான் நிற்கும். அகலமாக வெட்டினால் புலவர் தொண்டை தகரமாகிவிடும், ஊசி மாதிரி ஒடுக்கமாக வெட்டு.

குரலைப் பிரிப்பதற்கு டெமக்ஸ் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. அது மேல்நாட்டுப் பாணிப் பாட்டில் பழகியது, உடுக்கின் இழுவையைக் குரல் என்று அள்ளிக்கொள்ளக்கூடும். குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், பிரித்த குடத்தடியைத் தணிவாகத் திரும்பக் கலந்துவிடு. எல்லாம் நகலில்தான். முதலில் எடுத்த ஃபைலில் கை வைக்காமல் இரண்டு இடத்தில் வை.

கேசட் அட்டையில் கோயில் பெயர், வருஷம் எழுதியிருந்தால் போட்டோ எடுத்துக் கூடவே போடு. சி-60, சி-90 (எத்தனை நிமிஷம் ஓடும் என்ற எண்) தனித்தனியாக அடுக்கி வை. சி-120 இருந்தால் நீ ஓட்டாதே, நாடா ரொம்ப மெல்லிசு, உருளையில் சுற்றிக்கொள்ளும். சாரல் விட்டதும் டெக்கோடு பாளையங்கோட்டை வருகிறேன்.

உன் சேக்காளி