ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், திங்கட்கிழமைக்கு ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் மதத்தையும் பற்றிச் சென்ற வார இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2001இல் 6.07 சதவீதம், 2011இல் 6.12 சதவீதம், பத்து வருடத்தில் கணக்கு அசையவே இல்லை, அதனால் மதமாற்றம் என்று கிளப்புவதெல்லாம் புரளி என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். எங்களுக்கு ஆதரவாகத்தான் எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் ஒரு கிராமத்துச் சபையில் முப்பது வருடத்துக்கு மேல் செயலராக இருந்து பதிவேடு எழுதியவன் நான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் வாதாட முடியாது, அந்தப் பக்கமும் வாதாட முடியாது. அது கோயிலுக்கு வருகிறவர்களின் கணக்கே இல்லை. (சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.)

எங்கள் சபையில் பெரும்பாலானவர்கள் பட்டியல் சாதியில் பிறந்தவர்கள். நானும் அப்படித்தான். எனக்கும் தம்பிக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது ஒரே ஐயர். (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்.) ஆனால் என் சாதிச் சான்றிதழில் இருப்பது ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர்’, அதாவது பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அவனுடையதில் ‘இந்து ஆதிதிராவிடர்’. வேலை கிடைக்காமல் நான் வீட்டில் இருந்ததை இரண்டு வருடம் பார்த்துவிட்டு, சின்னவனுக்காவது வழி பிறக்கட்டும் என்று அப்பா எடுத்த முடிவு அது. சபைப் பதிவேட்டில் அவனுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். வீட்டில் கடைசிவரை ‘சின்னவன்’தான்.

எல்லாம் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையில் ஆரம்பித்தது. இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுபவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியில்தான். ஊரில் எங்களைக் கூப்பிடுகிற பெயர் ஒருநாளும் மாறியதில்லை. தாலுகா ஆபீஸில் மட்டும் மாறிவிட்டது. பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீடு மட்டுமல்ல, அடிபட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிடையாது. தனித் தொகுதியில் தேர்தலில் நிற்கவும் முடியாது.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய வருடம், எப்போதும் முன் பெஞ்சில் உட்காரும் ஒரு குடும்பம் மூன்று மாதம் கோயில் பக்கமே வரவில்லை. சபைக்குக் கொடுக்கும் சங்கக் காணிக்கை மட்டும் மாதா மாதம் கவரில் வந்தது, கவர் மேல் பெயர் இல்லாமல். நான் நோட்டில் ‘ஒரு நண்பர்’ என்று வரவு வைத்தேன். அந்தப் பதவிக்கு நின்ற குடும்பத் தலைவர் தேர்தலில் தோற்றார். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு அதே பெஞ்சில். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது நடந்தது இதற்குத் தலைகீழ். மதம் மாறுவதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற கையோடு அந்தச் சட்டத்தை விலக்கிக்கொள்ளும்வரை, எங்கள் பதிவேட்டில் வயதுவந்தோர் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆராதனைக்கு வருகிற கூட்டம் குறையவே இல்லை. பெரிய வெள்ளிக்கு வெளியே பந்தல் போட வேண்டியிருந்தது. பதிவேட்டை மட்டும் பார்த்தால் சபை வளரவில்லை என்பீர்கள், பந்தலைப் பார்த்தால் வேறு சொல்வீர்கள்.

அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து மதத்தையே திருப்பிப் போடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த 1930களில், ஆலயத்துக்குள் விடப்படாத ஈழவர்கள் கூட்டமாக வேறு மதத்துக்குப் போய்விடலாமா என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். 1936 நவம்பர் 12 அன்று எல்லாச் சாதி இந்துக்களும் ஆலயத்துக்குள் போகலாம் என்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

சரி, எங்கள் திருச்சபைகள் மட்டும் யோக்கியமா? வருடா வருடம் ஆகஸ்ட் 10ஐக் கருப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம், கையில் பதாகை பிடிக்கிறோம். ஆனால் 2008இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு (தனிக் கோயில், தனிப் பாதிரியார்) கேட்டபோது மற்ற சாதிக் கத்தோலிக்கர்களோடு கலவரமே வந்தது, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, அப்புறம் எதற்கு ஒதுக்கீடு என்று கேட்கிறவர்களை எறையூருக்கு ஒருதடவை போய்வரச் சொல்வேன்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து தேவாலயத்துக்குப் போகிறவர் வேலைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுத்துப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஆளைத் தள்ளியது எது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. மூன்றாம் பத்தியை நீக்கிவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே சொல்லிவிட்டது. எங்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். ஆணையங்களுக்குக் குறைச்சலே இல்லை.

‘மோசடி’ என்ற அந்த வார்த்தையைப் படித்ததும் தம்பியின் அடக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் ஆபீஸிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவன் மகனுடைய சான்றிதழ் விண்ணப்பம் அப்போது தாசில்தார் மேசையில் இருந்தது. “அங்கி போடட்டுமா, அண்ணாச்சி?” என்று ஐயர் என் காதோடு கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஆபீஸ்காரர்கள் மாலை வைத்தார்கள், தேநீர் குடித்தார்கள், வேனில் ஏறினார்கள். வேன் மெயின் ரோட்டில் திரும்பிய பிறகுதான் ஐயர் பையைத் திறந்து அங்கியை எடுத்தார். அதன் பிறகுதான் பாட்டுப் பாடினோம், சத்தமாகவே பாடினோம்.

2027 கணக்கெடுப்பில் எல்லோரிடமும் சாதி கேட்கப் போகிறார்கள். 2011இல் கிறிஸ்தவர் என்று சொன்னவரைப் பட்டியல் சாதியில் குறிக்கவே முடியாது என்பதுதான் விதி. இந்த முறையும் அதே விதி என்றால், ஒரே ஆள் இரண்டில் ஒன்றை மறைத்தே ஆக வேண்டும். வருகிற எண் 6.12ஆக இருந்தாலும் 5ஆக இருந்தாலும், அதை எழுதப் போகிற உங்கள் கட்டுரையாளர் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மதம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று தம்பி மனைவி போன வாரம் என்னிடம் கேட்டாள். கணக்கெடுப்பில் சொல்வது ரகசியம், 1948ஆம் வருடச் சட்டப்படி அதைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கணக்கெடுக்க வருவது நம்ம ஊர் வாத்தியார்தானே அத்தான்?” என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
தென்காசி மாவட்டம்
(பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.)