தைப்பூசத்தன்று உங்கள் வண்டி இன்னும் அரை மணி நேரம் நிற்கட்டும்

மொரீசியஸில் பயணிகளைக் கோவில்களுக்கு அழைத்து வரும் சுற்றுலா நிறுவனத்தாருக்கும் வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி இந்த நாட்டில் அரசு விடுமுறை என்பதும், அன்று எந்தக் கோவில் வாசலில் எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும் என்பதும் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முன்கதை வேண்டாம். சென்ற பூசத்தன்று எங்கள் கோவிலில் நடந்த ஒன்றைச் சொல்லி, ஒரு வேண்டுகோளை வைக்கிறேன்.

காவடிகள் வந்து இறங்கி, பாற்குடங்கள் அபிஷேகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். உங்களில் ஒருவருடைய வண்டியில் வந்த பிரெஞ்சுக்கார அம்மையார், மடப்பள்ளி ஓரத்தில் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்த என் பெரியம்மாவிடம், அந்தப் பையன் நாக்கில் வேல் குத்தியிருப்பது எதற்காக என்று கேட்டார். பெரியம்மாவுக்கு இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் சரளம், வந்தவருக்குப் பிரெஞ்சு. ஆனாலும் இருவருக்கும் பேச்சு ஓடியது. அது மௌன விரதம், வேண்டியது நிறைவேறியதற்குச் செலுத்தும் நேர்த்திக்கடன் என்று சொன்ன பெரியம்மா, தன் மகனுக்கு 6 வயதில் காய்ச்சல் கண்டபோது தானும் பாற்குடம் நேர்ந்துகொண்டதைச் சொன்னார். அதைக் கேட்ட அந்த அம்மையார், பிரெத்தாஞ் பகுதியில் லோக்ரோனான் என்னும் தம் ஊரில் 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை புனிதர் ஒருவரின் பெயரால் வயல்களையும் குன்றையும் சுற்றி 12 கிலோமீட்டர் நடப்பார்கள் என்றும், தம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தாமும் நடந்ததுண்டு என்றும் சொல்லத் தொடங்கினார். பெரியம்மா இலையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் வழிகாட்டி கைதட்டினார். பத்து நிமிடம் முடிந்துவிட்டதாம்.

ஊர்ப் பெயரைக் கொண்டு நான் தேடிப் பார்த்து, அந்தப் புனிதர் ரோனான் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்தபின் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கான விடை உங்கள் வண்டியோடு போய்விட்டது.

அதே வழிகாட்டி, அதற்குச் சற்று முன்பு, காவடி எடுப்பவர்கள் தாங்கள் செய்த பாவத்துக்குத் தங்களையே தண்டித்துக்கொள்கிறார்கள் என்று உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். பத்து நாள் விரதமிருந்து வந்தவர்களின் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் கேட்பதற்கு அங்கே நூறு பேர் இருந்தார்கள். பேச முடியாதபடி நாக்கில் வேல் தரித்தவரின் முன்னே ஒளிப்படக் கருவிகளைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். பேசக் காத்திருப்பவர்களிடமிருந்து பயணிகளை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். இது என்ன ஏற்பாடு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வண்டி இன்னும் அரை மணி நேரம் நிற்கட்டும். வந்தவர்களை எங்கள் பந்தியில் எங்களோடு உட்கார விடுங்கள். ஏழு கறியும் இலையில் விழுந்தபின் யாரும் யாருக்கும் அந்நியராக இருப்பதில்லை. ‘ராசோன்’ என்று அவர்கள் கேள்விப்பட்டது எங்கள் ரசம் என்பதையும், விடுதியில் ‘ப்ரேத் மூரூம்’ என்ற பெயரில் அவர்கள் குடித்த சாறு முருங்கைக்கீரை என்பதையும் பரிமாறுகிறவனே சொல்லிவிடுவான். அவர்கள் ஊர்ச் சமையலைப் பற்றி அவனும் கேட்பான்.

உங்கள் விளம்பரத் தாள்களில் இத்தீவின் ‘வாழும் பண்பாடு’ பற்றிக் குறைவில்லை. வாழ்கிறவர்களோடு பேசுவதற்குத்தான் நேரம் ஒதுக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய ‘ஆப்பிரவாசி காட்’ துறையின் பதினாறு படிகளை எண்ணிக் காட்டுகிறீர்கள். அந்தப் படிகளில் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சந்தையில் உங்கள் பக்கத்திலேயே பீர்க்கங்காய் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன டோடோ பறவையைப் பற்றி அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம் பேச உங்களால் முடிகிறது. உயிரோடிருக்கும் எங்களுக்குப் பத்து நிமிடம்! நாங்களும் அழிந்துவிட்டால் நேரம் கூடுதலாகக் கிடைக்குமோ என்னவோ.

கோபத்தில் ஒரு சொல் கூடிவிட்டது, பொறுத்தருளுங்கள். உங்கள் நாள் முழுவதும் கடிகாரத்தோடு கட்டப்பட்டது என்பதையும், மாலையில் விடுதிக்குத் திரும்ப நேரமானால் ஏச்சு வாங்குவது வண்டியோட்டிதான் என்பதையும் அறிவேன். அதற்காகத்தான் நாள் முழுவதும் கேட்காமல் அரை மணி நேரம் கேட்கிறேன். தேவையானால் கடற்கரைக் கடைகளுக்கு ஒதுக்கும் நேரத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கிச் சொல்ல, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த எங்கள் பிள்ளைகள் நான்கைந்து பேர் பந்தியிலேயே இருப்பார்கள். காலணியைக் கழற்றிவிட்டு வரும்படி மட்டும் வண்டியிலேயே சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த பூசத்துக்கு வண்டி அரை மணி நேரம் கூடுதலாக நிற்கும் என்று நீங்கள் இசைந்தால், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை முந்தைய நாள் மாலைக்குள் கோவிலுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். அத்தனை இலை சேர்த்து நறுக்கி வைப்போம். லோக்ரோனான் பக்கத்திலிருந்து எவரேனும் வந்தால், அவரைப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
கோவில் பந்தியில் பரிமாறும் ஒருவன்