கடாரத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

மலேசியச் சுற்றுலா நடத்தும் தமிழக முகவர்களுக்கு,

வணக்கம். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் (இன்றைய கெடா) என்று சொன்னால் ஆள் சேரும், அதில் தவறில்லை. ஆனால் பினாங்கில் காலை பசியாறி, கெடா மாநிலத்து மெர்போக்கில் முக்கால் மணி நேரம் நின்று படமெடுத்துத் திரும்பும் பயணத்தால் யாருக்கும் பயனில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்து இறங்குபவர் கண்ணில் படுவது கூரையில்லாத கருங்கல் மேடை. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று அங்கேயே முகம் சுருங்கிவிடும்.

அதனால் வண்டியிலேயே இருபது நிமிடம் பேசிவிடுங்கள். சோழர் படையெடுப்பு 1025-இல். அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்புதான் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே இறையிலியாக, அதாவது வரியில்லாமல், கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்ற சோழர் சாசனம் அதைச் சொல்கிறது. உறவு எப்படிப் பகையானது என்பதே பயணிக்குச் சொல்லவேண்டிய கதை. 'சோழர் கட்டிய கோயில்' என்று மட்டும் விற்காதீர்கள். அப்படிச் சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூட அங்கே இல்லை.

மெர்போக் அருங்காட்சியக வளாகத்திலுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியில் (கோயிலை அங்கே சண்டி என்பார்கள்) காட்டவேண்டியது தூண்தாங்கிக் கற்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் குழி இருக்கும். அதில் நின்றது மரத்தூண். மேலே இருந்ததும் மக்கிப்போகும் கூரை. மழைக்காட்டில் மரம் போய்க் கல் மட்டும் மிஞ்சியது. பின்னால் சதுரக் கருவறை, முன்னால் மண்டபம் என்ற அமைப்பைக் கையால் காட்டினால் போதும், நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அடியில் ஒன்பது குழிகள் கொண்ட கல்பேழைகள் கிடைத்தன. நம் ஊர்க் கோயில்களில் கர்ப்பநியாசம் (கட்டும்போது கருவறைக்கு அடியில் பேழை வைக்கும் சடங்கு) செய்வதைப் பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சண்டிகளும் அதே அருங்காட்சியக வளாகத்தில் இருப்பதால், கருங்கல், செம்புறாங்கல், செங்கல் மூன்றையும் ஒரே நடையில் ஒப்பிடலாம். மேடைமேல் ஏறி நின்று படமெடுக்க விடாதீர்கள். 2013-இல் சுங்கை பத்துப் பக்கம் 11-ஆம் எண் சண்டி வீடுகட்டும் வேலையில் இடிக்கப்பட்டது; மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

காலை ஏழுக்குப் பினாங்கை விட்டால், ஒன்பது மணிக்கு அருங்காட்சியகம் திறக்கும்போது அங்கே இருக்கலாம். பாசி படிந்த படிகள் மழைக்குப் பின் வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு வேண்டும், கொசுமருந்து வேண்டும். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்: கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகைக்காகப் பல இடங்கள் மூடியிருக்கும். ரயிலில் வருகிறவர் சுங்கை பட்டாணியில் இறங்கி கிராப் (கைபேசிச் செயலியில் பதியும் வாடகை வண்டி) பிடிக்கலாம். போவது சுலபம், திரும்ப வண்டி கிடைக்காமல் நிற்பார்கள். போக வர என்று முன்பே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாடு சுங்கை பட்டாணியில், வாழையிலையில். சுற்றுவட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் அது. பால்மரம் சீவுவதைக் காட்டுகிறோம் என்று மட்டும் மதியத்தில் கூட்டிப்போகாதீர்கள். சீவுவது விடியுமுன், முற்பகலுக்குள் பால் எடுத்துவிடுவார்கள். அதன்பின் வெறும் மங்குதான் (பால் பிடிக்கும் கிண்ணம்). தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை). உள்ளே போக நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

பிற்பகலுக்கு இரண்டில் ஒன்றை எடுங்கள், இரண்டையும் திணிக்காதீர்கள். வயதானவர்கள் இருந்தால் மெர்போக் ஆறு கடலில் சேரும் தஞ்சோங் டாவாய். நெத்திலியை உப்புநீரில் அவித்து வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள், மழையன்று அது இருக்காது. பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) வாங்குபவரிடம் இரண்டு உறை போடச் சொல்லுங்கள், பெட்டியே மணக்கும். நடமாட முடிந்தவர்களுக்கு வடக்கே அலோர் ஸ்டார் நெல் அருங்காட்சியகம். குரூண் தாண்டியதும் சாலையோரம் நேர்கோடாக ஓடும் கால்வாயைக் காட்டத் தவறாதீர்கள். 1885-இல் வெட்டத் தொடங்கிய வான் மாட் சமான் கால்வாய் அது, சுமார் 35 கிலோமீட்டர். இரவில் வரிசையாகத் தீப்பந்தம் ஏற்றி நேர்கோடு பிடித்தார்கள் என்பது ஊர்வழக்கு. மூடா என்ற இப்பகுதிப் பாசனத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம். நாற்று நட்ட பச்சையா, கதிர் முற்றிய பொன்னா, அறுத்த தாளா என்பதை மாதம் முடிவு செய்யும். விளம்பரத்தில் பச்சை வயலைப் போடுமுன் உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கெடா வழித்தடம் அறிந்தவர்கள்