வாசனையற்ற எண்ணெய் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வேட்டைக் கத்தியும் துப்பாக்கியும் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும், பூசும் எண்ணெயின் வாடை மானின் மூக்குக்கு எட்டவும் கூடாது, அதற்கு எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும் என்பது என் முடிவு. ஆனால் அதன் குறைகளை அறியாமல் பூசினால் துருவும் வரும், பழி எண்ணெயின் மேலும் விழும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிகளுக்கென்று விற்கப்படும் தெளிப்பு எண்ணெய்கள் பலவற்றில், எளிதாகப் பரவுவதற்காகப் பெட்ரோலியக் கரைப்பான் கலந்திருக்கும். அது ஆவியாகும்போது எழும் நெடிதான் நம் மூக்கிலேயே ஏறுகிறது. சமையல் எண்ணெய்களின் தொல்லை வேறு வகை. புதிதில் வாடை குறைவாகத் தோன்றினாலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றின் கொழுப்பு அமிலங்களைச் சிதைத்துக் காறல் வாடையை உண்டாக்கும். ஆளி விதை எண்ணெயோ அதோடு நில்லாமல் பிசுக்காக இறுகி, துப்பாக்கியின் அசையும் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். லிக்விட் பாரஃபின் என்பது கந்தகச் சேர்மங்களும் அரோமாட்டிக் சேர்மங்களும் நீங்கும்படி நன்கு சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய். ஆகவே அதற்கு நிறமோ குறிப்பிடத்தக்க வாடையோ இல்லை, எளிதில் காறுவதும் இல்லை. இறைச்சி அறுக்கும் கத்திக்கு மருந்துத் தரத்திலோ உணவுத் தரத்திலோ உள்ளதையே வாங்கு. குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலும் பெரும்பாலும் இதே எண்ணெய்தான், ஆனால் நறுமணம் சேர்த்திருப்பார்கள். அது நமக்கு ஆகாது.

இனி அதன் குறைகள். உலோகத்தின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை விரட்டும் திறன் இதற்கு இல்லை. ஈரத்தின் மேல் பூசினால் நீரை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும், வியர்வையிலுள்ள உப்பு அதை இன்னும் விரைவாக்கும். எனவே கைபட்ட இடங்களை முதலில் ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைத்து, முழுவதும் காய்ந்த பின்பே எண்ணெயைத் தொடு. குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்த துப்பாக்கியின் மேல் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படியும். அதைப் பையிலிருந்து எடுக்காமல், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவைப்பது நல்லது.

துருவைத் தடுக்கும் சிறப்புச் சேர்மங்களும் இதில் இல்லை, பூச்சும் மெல்ல வழிந்து மெலிந்துவிடும். ஆகையால் வேட்டைப் பருவத்தில் மெல்லியதாகவும் அடிக்கடியும் பூசு; துணியில் சில துளிகள் விட்டுத் துடைத்தால், உலோகம் மங்கலாக மின்னும் அளவே போதும். சொட்டச் சொட்டப் பூசுபவர்கள் துருவைவிடத் தூசியைத்தான் அதிகம் சேர்க்கிறார்கள். பருவம் முடிந்து மாதக்கணக்கில் வைப்பதற்குத் துரு தடுக்கும் கெட்டியான கிரீஸே ஏற்றது. அப்போது வாடை ஒரு பொருட்டல்ல, அடுத்த பருவத்துக்கு முன் துடைத்தெடுத்துவிட்டால் சரி.

துப்பாக்கியைத் தொடும் முன் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார். சுடுவதற்கு முன் குழலின் உள்ளே உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் எடுத்துவிடு. மிச்சம் நின்றால் முதல் குண்டு குறி தவறலாம், அதிகம் தேங்கினால் குழலுக்கே ஆபத்து. கத்தியைத் தோலுறையில் போட்டு நாள்கணக்கில் வைக்காதே. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் கார்பன் எஃகை அரிக்கும். எவர்சில்வர் கத்தி என்றாலும் அலட்சியம் வேண்டாம்; குரோமியம் துருவைத் தாமதப்படுத்துமே தவிர, உப்பு பட்டால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

வாங்கிய எண்ணெயை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய். சுத்தமான துணியில் சில துளிகள் விட்டு, கண்ணாடிக் குப்பியில் மூடி ஒரு நாள் வைத்துவிட்டு, பிறகு திறந்து முகர்ந்து பார். எண்ணெயோடு புழங்கிய மூக்கு சீக்கிரம் பழகிவிடும், அதனால் எண்ணெயைத் தொடாத ஒருவரையும் முகரச் சொல். இதில் தேறினாலும் மானின் மூக்கு நம்முடையதைவிடப் பன்மடங்கு கூர்மையானது; உன் உடல் வாடையும் உடைகளின் சோப்பு வாடையும் எண்ணெய்க்கு முன்பே அதைப் போய்ச் சேரும். எண்ணெய்த் துணியை வேட்டை உடைகளோடு ஒரே பையில் வைக்காதே. காற்று உன் முகத்தில் அடிக்கும் பக்கமாகவே மானை நெருங்கு.

அன்புடன்,
அப்பா